சுவரை நக்கிப் பார்த்தவர்

சுவரை நக்கிப் பார்க்கிற ஒரே ஒரு மனுஷியைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், பீடத்தைப் பார்ப்பார்கள், உடனே போனை எடுப்பார்கள். அவர் நேரே போய்ச் சுவரோரம் குந்துவார். முழங்கால் உயரத்தில் ஆள்காட்டி விரலை அழுத்தித் தேய்த்து, அதை நாக்கில் வைப்பார். ஒன்றும் சொல்லாமல் எழுந்தால் சுவர் நன்றாக இருக்கிறது. "உப்பு" என்றால், ஈரம் உள்ளே சிக்கிச் சுவர் கெட்டுக்கொண்டிருக்கிறது, அன்றைக்கு அந்த ஊரில் யாரோ ஒருவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்.

ரயில்வேயில் பாலங்களுக்கு வரைபடம் போடும் பிரிவில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் ரயில்வே பட்டறையில் இருந்தவர்கள். செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்யாமல் அங்கேயே ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். நாங்கள் நகரத்தின் இன்னொரு முனையில், கொண்டாப்பூரில் ஒரு வாடகை ஹாலில் ஞாயிறு மாலை தமிழ் ஐக்கியம் என்று ஒரு ஜெபக் கூட்டம் நடத்திவந்தோம். நாகர்கோவில், பாளையங்கோட்டை, கோயம்புத்தூர் என்று வந்து சேர்ந்த ஐடி குடும்பங்கள். மின்சார ரயிலும் ஆட்டோவுமாக மாறி மாறி அந்த மாலைக் கூட்டத்துக்கு அவர் வருவார். காலையில் எந்தக் கிராமத்துத் தேவாலயத்துக்கு, எங்கள் பேச்சில் கோயிலுக்கு, போனார் என்பதை அவருடைய செருப்புச் செம்மண்ணே சொல்லிவிடும்.

அவரை நினைத்தால் எனக்குக் கண் கலங்குவதில்லை. கோபம்தான் வருகிறது. அவர்மேல் பாதி, மீதி யார்மேல் என்று பிறகு சொல்கிறேன்.

பொய் சொல்லத் தெரியாது என்று சிலரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வோமே, அந்தப் பெருமையெல்லாம் அப்படிப்பட்ட ஆளோடு பழகாதவர்களுக்கு. என் மகளின் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். மகள் இங்கேயே படித்தவள், நாம் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் பதில் வரும். அன்றைக்கு என் மனைவி மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்து ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடவைத்தாள். எல்லோரும் கைதட்டினோம். பிள்ளை நேரே இவரிடம் போய் நின்று, "ஆன்ட்டி, ஹௌ வாஸ் இட்?" என்று கேட்டுவிட்டது.

"சுருதி சேரல கண்ணு" என்றார் இவர். "வார்த்தையும் புரியாம பாடுற. அர்த்தம் கேட்டுக்கிட்டுப் பாடு, நல்லா வரும்."

மகள் அழவில்லை. என் மனைவிதான் அடுக்களைக்குள் போய் அழுதாள். "இந்தப் பொம்பளைய இனி வீட்டுக்குக் கூப்பிடாதீங்க" என்றாள். நான் கூப்பிடவில்லை.

தன்னையும் அவர் விட்டுவைக்க மாட்டார் என்பதுதான் இன்னும் எரிச்சல். ஒரு ஞாயிறு, ஜெப வேளை. முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம். ஜெபம் முடிந்து ஆமென் சொல்லி வாய் மூடுவதற்குள் எழுந்து நின்றார். "ஒரு நிமிஷம். போன மாசம் உங்கள கூட்டிட்டுப் போன கோயில்ல, முன் மண்டபமும் கோயிலோடு சேர்ந்து கட்டுனதுன்னு சொன்னேன். தப்பு. நேத்து மறுபடி போய்ப் பார்த்தேன். கல்லு வேற, கொத்துனது வேற உளி. மண்டபம் பின்னால ஒட்டுனது. மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். போன மாசம் அவர் என்ன சொன்னார் என்பதே எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

ஆமாம், அவர்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வேன் பிடித்து, தயிர்சாதம், புளிசாதம் கட்டிக்கொண்டு, நகரத்தை விட்டு வெளியே ஏதாவது ஒரு பழைய கிராமத்துக் கோயில். பிள்ளைகளுக்கு பிக்னிக், எங்களுக்கு போட்டோ. அவருக்கு மட்டும் அது வேலை. டேப் வைத்துச் சுவரின் கனத்தை அளப்பார். கூர்வளைவு ஜன்னலுக்கு வளைவைப் பூட்டுகிற நடுக்கல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவார். ஜன்னலுக்கு மேலே எதற்கு வட்டத் துளை விட்டிருக்கிறான் என்று கேட்பார். பதில் சொல்லாவிட்டால், "சூடான காத்து வேற எந்த வழியா போகும், உங்க ஏசி வழியாவா?" என்று அதற்கும் ஒரு திட்டு.

ஒரு கோயிலில் தூணுக்குத் தூண் ஆணி அடித்து பிளாஸ்டிக் பூ தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கோயில் செயலாளரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், "கைக்கு ஐயா இதெல்லாம்? எதுக்கு? உங்க வீட்டுச் செவுத்துல இப்படி ஆணி அடிப்பீங்களா?" என்றார். 'கைக்கு' என்றால் இந்த ஊர் உருதுவில் ஏன் என்று அர்த்தம். பாதி உருது, பாதி தெலுங்கு, திட்டு மட்டும் சுத்தத் தமிழ். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேனில் திரும்பும்போது, "கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்லா அக்கா" என்றேன்.

"பதமா சொன்னா ஆணிய எடுக்க மாட்டான் தம்பி. அடுத்த தூணுக்கும் அடிப்பான்" என்றார்.

இப்படிப் போன ஒரு பயணத்தில்தான் அந்தக் கோயிலைப் பார்த்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். போவன்பள்ளி சந்தையைத் தாண்டி வடக்கே இரண்டு மணி நேரம், பிறகு ஏரிக்கரையோரம் ஒரு மண் பாதை. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தேக்குச் சட்டத்தில் ஓட்டுக்கூரை, தரையில் ஷாபாத் கல். மணி வாங்க வழியில்லாமல் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அடிப்பதும், கூட்டிப் பெருக்குவதும், சாவி வைத்திருப்பதும் பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி. அவளுடைய கொள்ளுத் தாத்தா காலத்தில், பஞ்சத்தின்போது, படிக் கம்பு கூலிக்குக் கல் சுமந்து கட்டியவர்கள்தான் அந்த ஊர்க்காரர்கள். பாஸ்டர் வேறு ஊரில் இருந்து மாதம் ஒருமுறை வந்துபோவார்.

சுவரோரம் குந்தி விரலை நாக்கில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்தார் இவர். வெளியே போய்ச் சுற்றி வந்தார். நான்கு ஓடு மாற்ற வேண்டும், வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், வேறு எதையும் தொடக் கூடாது என்று சாவிக்கார அம்மாவிடம் சொன்னார். அவர் யாரையும் திட்டாமல் வெளியே வந்த ஒரே கோயில் அது.

எங்களுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் ஐக்கியத்துத் தலைவர் ஒரு பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர், எல்லோருக்கும் அண்ணன். அடுத்த கூட்டத்தில், "இந்த ஏழைச் சபையை நாம தத்தெடுக்கணும்னு ஆண்டவர் எனக்கு உணர்த்துறார்" என்றார். அதற்குமேல் யார் பேச முடியும்? புதுப்பிப்புக் குழு போட்டார்கள், அதற்குச் செயலாளர் நான். உள்ளும் புறமும் சிமெண்ட் பூச்சு, பளபளக்கும் டைல்ஸ், பால்ஸ் சீலிங், கிழக்குச் சுவரில் விளக்குச் சிலுவை. சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷனுக்கு ஒரு வாத்தியார் ஏற்பாடு. திட்டத்தை கம்ப்யூட்டரில் படம் படமாகப் போட்டுக் காட்டினேன். அல்லேலூயா என்றார்கள்.

அவர் எழுந்தார். "அந்தச் சுவரு ரெண்டு பக்கமும் கல்லு, நடுவுல மண்ணு. தரையில இருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்பு வழியா வெளிய போயிரும். அதனாலதான் நூறு வருஷம் நிக்குது. நீங்க சிமெண்ட் பூசுனா ஈரம் உள்ளயே நிக்கும், மண்ணு கரையும், கல்லு தள்ளும். சுவத்துக்கு ரெயின்கோட் போட்டுவிட்டு உள்ள குளிப்பாட்டுறீங்க. ரெண்டு மழை, மூணு மழை. விழுந்துரும்."

அண்ணன் சிரித்தார். "அக்கா, நல்ல காரியம் செய்யும்போது விழுந்துரும்னு சொல்லலாமா? வாயில நல்ல வார்த்தை வரட்டும்."

"நக்கோ, அதெல்லாம் வேணாம். சுவரு நல்ல வார்த்தை கேட்டு நிக்காது" என்றார். "உங்கள அங்க கூட்டிட்டுப் போனது நான். அது என் தப்பு."

அந்த ஊர்க்காரர்களிடம் யாராவது கேட்டோமா என்றால், கேட்டோம். நாற்பது பேர் வேனிலும் காரிலும் போய் இறங்கி, பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டு, உங்கள் கோயிலை அழகாக்கித் தரட்டுமா என்று கேட்டோம். சரி என்று தலையாட்டினார்கள். வேறு எப்படி ஆட்டுவார்கள்? விருந்தாளியிடம் வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. இதை இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அப்போது நெஞ்சு நிறைந்து போட்டோவுக்கு நின்றேன்.

மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. பிரதிஷ்டைக்கு அவர் வரவில்லை. ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கும் வருவதை நிறுத்திவிட்டார். விட்டது தொல்லை என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதைப் பச்சையாகச் சொன்னவர்களும் உண்டு, என் மனைவி உட்பட.

பிறகுதான் செய்தி வந்தது. சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போகிறார், கையில் சுத்தியலும் உளியும் இருக்கிறது, நாங்கள் பூசிய சிமெண்டைப் பெயர்க்கிறார் என்று பாஸ்டர் அண்ணனுக்கு போன் செய்தார். நான் பார்த்துவரப் போனேன். தெற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் பெயர்த்திருந்தது. கீழே சிமெண்ட் சில்லுகள் கூட்டிக் குவிக்கப்பட்டிருந்தன. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு ஸ்டூலில் நின்றிருந்தார். சாவிக்கார அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா செய்றீங்க?" என்றேன்.

"பார்த்தா தெரியல? நீங்க செஞ்சத எடுக்குறேன்."

"இதுக்கு யாரு உங்களுக்கு அனுமதி தந்தா?"

"பூசுறதுக்கு சுவரு உங்களுக்கு அனுமதி தந்துச்சா?" திரும்பாமலே பேசினார். "தெக்கு முடிஞ்சதும் வடக்கு. வடக்குப் பக்கந்தான் ஏரி. மழைக்குள்ள அத முடிக்கணும். நின்னு பாக்குறதுன்னா பாரு. இல்ல, அந்தச் சின்ன உளிய எடு."

உளியை எடுக்கவில்லை. காரில் ஏறினேன். ஏசி போட்டும் வியர்த்துக் கொட்டியது. எங்கள் உழைப்பை, எங்கள் அன்பை ஒரு கிழவி உளி வைத்துக் கொத்துகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் ஐக்கியம் கூடியது. கடிதம் எழுதச் சொன்னார்கள். செயலாளர் நான், நானே எழுதினேன்.

நல்ல இங்கிலீஷ். ஆபீஸில் எழுதி எழுதிக் கை பழகியது. இந்தப் பெண்மணிக்கும் எங்கள் ஐக்கியத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவர் மனநிலை சரியில்லாதவர் என்று நாங்கள் கருதுகிறோம். இவரை ஆலய வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது. அனுமதித்தால் பிள்ளைகளுக்கான டியூஷன் உட்பட எங்கள் உதவிகள் எல்லாம் நிறுத்தப்படும். இரண்டாவது வரியைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு. பாஸ்டருக்கு ஒன்று, அந்த ஊர் ஆலயத்தின் பெயருக்கு ஒன்று, பதிவுத் தபால்.

தமிழர்கள் கூடி, தெலுங்கு மட்டும் தெரிந்தவர்களுக்கு, இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறோமே என்று முப்பது பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எல்லோரும் பட்டதாரிகள்.

சனிக்கிழமைப் பயணம் நின்றுவிட்டது என்று பாஸ்டர் சொன்னார். காரியம் முடிந்தது என்று நான் அதை மறந்துவிட்டேன். அந்த வருஷ மழை தப்பித்தது. அடுத்த வருஷ மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வடக்குச் சுவர் வயிறு தள்ளி வெளிப்புறமாக விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. கூரையில் பாதி அதோடு சரிந்தது. அவர் பெயர்த்துவிட்ட தெற்குச் சுவர் அப்படியே நின்றது. பாஸ்டர் அனுப்பிய போட்டோவை ஐக்கியத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். கூப்பிய கை படங்கள் வரிசையாக வந்தன. "ஆண்டவருடைய சித்தம்" என்று எழுதினார் அண்ணன். ஆண்டவரா சிமெண்ட் பூசினார்? அன்றைக்குத்தான் அந்தக் குழுவிலிருந்து வெளியேறினேன்.

அவருக்கு போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் ஓய்வுபெற்று, வீட்டைக் காலி செய்து, தங்கையிடம் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் வாயால் நாலு திட்டு வாங்கினால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று போனவனுக்கு அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தபோது அவர்மேலேயே கோபம் வந்தது. தேவைப்படாதபோதெல்லாம் திட்டினார். தேவைப்பட்டபோது ஆளைக் காணோம்.

பிறகு அந்த ஊருக்குத் தனியாகப் போனேன். இடிந்த சுவருக்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டிருந்தார்கள், ஆராதனை அதற்கடியில் நடக்கிறதாம். சாவிக்கார அம்மா என்னைக் கண்டதும் ஓடிவந்து, நாற்காலி போட்டு, டீ கொண்டுவந்து கொடுத்தாள். என்னைத் திட்டவில்லை. டியூஷனுக்கு நன்றி சொன்னாள். பெண்ணுக்கு மார்க் நன்றாக வருகிறதாம்.

"நாங்கள் ஒரு கடிதம் போட்டிருந்தோமே" என்று என் அரைகுறைத் தெலுங்கில் கேட்டேன்.

"வந்தது சார். தபால்காரன் என்னிடம்தான் கொடுத்தான். இங்கிலீஷ். எங்களில் யாருக்குப் படிக்க வரும்? பாஸ்டர் வரவும் நாளிருந்தது. சனிக்கிழமை அம்மா வருவார்களே, படித்துச் சொல்வார்கள் என்று பத்திரமாக வைத்திருந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அம்மா வந்ததும் கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து தனக்குள் ஒருமுறை படித்தார்கள். பிறகு எங்களை உட்காரச் சொல்லி, ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொன்னார்கள். தன்னை உள்ளே விடக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றார்கள். விட்டால் பிள்ளைகளின் டியூஷன் நின்றுபோகும் என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது சார். அம்மா, இது எங்களுக்குப் படிக்கத் தெரியாத காகிதம், இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், நாங்கள் அப்படியே நம்பிக்கொள்கிறோம், நீங்கள் வடக்குச் சுவரை முடியுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். என்னை எப்படித் திட்டினார்கள் தெரியுமா! எழுதியிருக்கிறதைத்தான் படிப்பேன், இல்லாததைப் படிக்கச் சொல்லாதே என்று கத்திவிட்டு, உளியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்கள்."

ஒரு வரியை விழுங்கியிருக்கலாம். ஒரே ஒரு பொய். கேட்பவர்களே கையைப் பிடித்துக் கெஞ்சிய பொய். வடக்குச் சுவர் நின்றிருக்கும். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அந்த அம்மா என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு விஷயம் கேட்க வேண்டும் சார். தப்பாக நினைக்காதீர்கள். தனக்கு மனநிலை சரியில்லை என்று இதில் போட்டிருக்கிறது என்றும் அம்மா படித்தார்கள். கோபத்தில் அவர்களே சேர்த்துச் சொன்னார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். படித்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள் என்கிறார்கள். அது அதில் இருந்ததா?"

"இருந்தது" என்றேன். "நான்தான் எழுதினேன்."